உயிரோட இருக்கா?

“உயிரோட இருக்கா?”

“உயிரோடதான் இருக்குண்ணே.”

தரகர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கேட்டது அவருடைய குரல், பதில் சொன்னது ஒரு பெண். போனில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சைக் காலையிலிருந்து எத்தனை தடவை போட்டுக் கேட்டாரோ, அவருக்கே தெரியாது.

லாரி புக்கிங் ஆபீஸில் இப்படி ஒரு கேள்வி காதில் விழுந்தால் யாரும் பதறிவிட வேண்டாம். லாரியின் இன்ஷூரன்ஸைத்தான் கேட்கிறார்கள். கெடு இருந்தால் பாலிசி உயிரோடு இருக்கிறது, கெடு தாண்டினால் செத்துப்போச்சு, அவ்வளவுதான் கணக்கு. செத்த பாலிசி வண்டிக்கு லோடு கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் லாரிக்காரரோடு சேர்ந்து தரகரும் மாட்டிக்கொள்வார்.

அப்படித்தான் மாட்டிக்கொண்டார். அவர் லோடு கொடுத்து அனுப்பிய லாரி, அன்று சாயங்காலமே ஒரு வளைவில் தடுமாறி பஞ்சர் கடைக்குள் புகுந்துவிட்டது. டியூப் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். யாரோ கூப்பிட்டார்கள், போன் பேசிக்கொண்டே ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்ட லாரிக்காரர் இப்போது ஜெயிலில். பாலிசி எப்போதோ செத்திருந்ததால், கடைக்காரர் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

அதிலிருந்து தரகருக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ரோட்டில் பஞ்சர் கடையைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார். வேறு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கேட்க வாயெடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழாயைத் திறந்தாலும் அந்தக் குரல், ஃபேனைப் போட்டாலும் அந்தக் குரல். உயிரோடதான் இருக்குண்ணே, உயிரோடதான் இருக்குண்ணே. பயமாக இருந்தது. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நாளைக்கு விசாரணை. பாலிசியைக் கண்ணால் பார்க்காமல் போனிலேயே விசாரித்தது தரகர் தப்புத்தான் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும், பாதி ஆயுசைக் கொட்டி வளர்த்த ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். தப்பிக்க ஒரே வழி, அந்தப் பெண் தெரிந்தே பொய் சொன்னாள் என்று அவள் வாயாலேயே வரவழைப்பது.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அன்றைக்கு லாரிக்காரரின் லைன் கிடைக்கவில்லை என்று அவர் மனைவியின் நம்பருக்கு அடித்திருந்தார். “நான்தாம்மா, புக்கிங் ஆபீஸ் அண்ணன்” என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். வழவழ கொழகொழ என்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

“இன்னும் ரெண்டு நாள் தாங்குமா?”

“தாங்கும்னுதான் சொல்றாங்கண்ணே.”

அவள் குரலுக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வரிசையில்தான் நிற்கிறாள் என்று அன்றைக்கு நம்பி, உடனே லோடு ஏற்றச் சொல்லிவிட்டார். குரல் கொஞ்சம் நடுங்கியது இப்போதுதான் காதில் பட்டது. பொய் சொன்னால் நடுங்கத்தானே செய்யும்.

லாரிக்காரர் வீடு மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவளுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. புருஷன் ஜெயிலில் இருக்கிறான், வீங்காமல் என்ன செய்யும்? சுவரோரம் துணிகளை ஒரு பையில் திணித்துக் கட்டி வைத்திருந்தாள். ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறாள் என்று தரகருக்குச் சுருக்கென்றது.

“யாருமே வரலண்ணே. நீங்களாச்சும் வந்தீங்களே” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்தார். உட்காரவில்லை.

“ஏம்மா அன்னைக்கு எங்கிட்டப் பொய் சொன்னே?”

அவள் முழித்தாள். தரகர் போனைத் தட்டிவிட்டார். அறையில் அந்தக் கேள்வியும் பதிலும் ஓடி முடியும்வரை அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“பொய் இல்லண்ணே. நீங்க கேக்கும்போது உயிரோடதான் இருந்துச்சு. இப்படியா வெடுக்குனு கேப்பாங்கன்னு கஷ்டமா இருந்துச்சு, ஆனா பொய் சொல்லல. சாயங்காலம்தான் போயிருச்சு. நான்தான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.”

“சாயங்காலமா? அது செத்து அப்பவே ஒரு மாசம் ஆச்சேம்மா.”

அவள் அவரையே பார்த்தாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்தபோது முழங்கை இடித்துப் பை சரிந்தது, கட்டு அவிழ்ந்தது. உள்ளே இருந்ததெல்லாம் சின்னச் சின்ன கவுன்கள்.

“நீங்க எங்க பாப்பாவைக் கேக்கலையாண்ணே?”