வீட்டுக்கு ஒரு போன்

"நான் எங்க போறேன், எங்க வரேன்னு இந்தப் போன் யாருக்கும் சொல்லக் கூடாதுண்ணே. மொதல்ல அதை நிறுத்துங்க."

ரிப்பேர்க்காரர் கடையைத் திறந்து விளக்கைப் போட்டதுமே வந்து நின்றாள் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். புது உடை, மணிக்கட்டு வரை நீண்ட சட்டைக் கை. கண் மட்டும் வாசலை விட்டு நகரவே இல்லை.

போன் ரிப்பேர்க்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலையில் படு சுத்தமான மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"லொக்கேஷனைச் சொல்றீங்களாம்மா? அதை நிறுத்திட்டா இந்தப் போனுக்குப் பாதி உசுரு போச்சு. மழை வருமா, பஸ் எப்ப, வண்டியை எங்க விட்டோம், எல்லாம் அதுதானே சொல்லுது! என் பொண்டாட்டிக்கு அடுத்தபடியா என்னைப் பத்தித் தெரிஞ்சது இதுதான்."

கல்லாவுக்குப் பின்னால் போன் உறைகளை மாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினாள். "எனக்கு அடுத்தபடியாவா? பேங்க்னு சொல்லிட்டுப் போய் ஃபிரெண்டு கடையில அரட்டை அடிச்சீங்களே, அதை எனக்கு யாரு சொன்னாங்களாம்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மைக்கும் வேலை செய்யலண்ணே. நான் பேசறது எதிர்ல கேக்க மாட்டேங்குது."

"கீழே போட்டீங்களா?"

"சுவத்துல பட்டுடுச்சு."

"போன் எப்படிம்மா சுவத்துல போய்ப் படும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் பொத்தானை அழுத்தினார். திரை எரிந்ததுதான் தாமதம், உள்ளே இருந்த உதவிக் குரல் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தது.

"வணக்கம். இங்கிருந்து உங்கள் வீட்டுக்குச் செல்ல ஒன்பது மணி நேரம் ஆகும். சாலையில் நெரிசல் இல்லை."

அந்தப் பெண் பாய்ந்து உள்ளங்கையால் போனைப் பொத்தினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. பூட்டைத் திறக்கும் எண்ணைச் சொல்லிவிட்டு, "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து வாங்கிக்கறேன். மறந்துடாதீங்கண்ணே, அதை நிறுத்திடுங்க" என்று வேகமாக இறங்கிப் போனாள்.

"பார்த்தியா கூத்தை?" என்றார் ரிப்பேர்க்காரர். "வீடு ஒன்பது மணி நேரத் தூரத்துல. அம்மணி இங்க. யாருக்கும் தெரியக் கூடாதாம்! ஒளிக்க ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குப் பயப்படணும்? அங்க எந்த அப்பாவி வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கானோ!"

"அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கெதுக்குங்க? சொன்னதைச் செஞ்சு குடுங்க."

சொன்னதைச் செய்தார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருப்பிடம் காட்டும் வசதிகளைத் தேடித் தேடி, ஒன்று விடாமல் அணைத்தார். போனைப் பிரித்து, நசுங்கிக் கிடந்த மைக்கை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடினார்.

மைக் மாற்றினால் பேசிப் பார்க்க வேண்டுமே! அதற்கு அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் போனாக இருந்தாலும் அதனிடம், "வீட்டுக்குப் போன் போடு" என்பார். யார் போனிலும் 'வீடு' என்று ஒரு நம்பர் கட்டாயம் இருக்கும். மைக்கைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, போன் தயார் என்று வீட்டுக்குத் தகவல் சொன்ன மாதிரியும் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட இதற்காக அவரிடம் கோபப்பட்டதில்லை.

இன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். உடனே எடுத்தார்கள். ஓர் ஆண் குரல்.

"யாரு?"

"போன் ரிப்பேர்க் கடைங்க. மைக் மாத்தினேன். நான் பேசறது தெளிவாக் கேக்குதா?"

"கேக்குது. புது நம்பரா இருக்கே, யார் போனுங்க இது?"

"உங்க வீட்டம்மாதுதான். இப்பதான் கடை திறந்ததும் குடுத்துட்டுப் போனாங்க, சாயங்காலம் வந்து வாங்கிப்பாங்க."

எதிர்முனையில் குரல் சட்டென்று குழைந்தது. "ரொம்ப சந்தோஷம்ங்க. உங்க கடை எங்க இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

ஊர், தெரு, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தம் என்று அடையாளத்தோடு விளக்கிச் சொன்னார் ரிப்பேர்க்காரர்.

"எதுக்குங்க அட்ரஸ் எல்லாம்?" என்றாள் மனைவி.

"கேட்டாரு, சொன்னேன். தங்கமான மனுஷன். இவளுக்குப் போய் இப்படி ஒரு புருஷன்!"

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகு அவள் வந்தாள். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"பூரா நிறுத்தியாச்சு. இனிமே நீங்க எங்க இருக்கீங்கன்னு அந்தப் போனுக்கே தெரியாது."

அப்போதுதான் முதல்முறையாக அவள் சிரித்தாள். போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இனிமே நிம்மதியாத் தூங்குவேண்ணே."

"மைக்கும் பளிச்சுனு கேக்குதும்மா. உங்க வீட்டுக்கே போட்டுப் பார்த்துட்டேன். சார் எவ்வளவு அக்கறையாக் கடை அட்ரஸ் கேட்டுக்கிட்டாரு தெரியுமா!"

அவள் கண்ணாடி மேஜையை எட்டிப் பிடித்தாள். சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே, இஸ்திரிப் பெட்டியின் முனை அச்சாகப் பதிந்து கறுத்துக் கிடந்தது.

"ஐயோ!" என்று எழுந்துவிட்டாள் மனைவி.

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"நீங்க எத்தனை மணிக்கு அவர்கிட்ட பேசினீங்கண்ணே?"