அகலக்கால்

"முடியாதும்மா. கப்பல்காரர் பேன்ட்ல கால் அகலத்தைப் பிடிச்சுத் தைக்கிற வழக்கம் இந்தக் கடையில இல்ல."

தையற்காரர் காற்சட்டையை மேசை மேல் திருப்பித் தள்ளினார். துறைமுக வாசலில் கடை. கப்பலில் போகிறவர்களுக்குத் தைப்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அந்தப் பெண் அதை மறுபடி அவர் பக்கமே நகர்த்தினாள்.

"சாயங்காலம் என் வீட்டுக்காரர் கப்பல் ஏறணும்ணே. கெண்டைக்காலோட ஒட்டுற மாதிரி பிடிச்சுக் குடுங்க."

"அவர் கேட்டாரா?"

"நான் கேக்கறேன்."

புருஷன் மினுக்கிக்கொண்டு திரிவதைப் பார்க்க ஆசையாக்கும் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

"இந்தத் தொளதொளப்பு அழகுக்கு வந்தது இல்லம்மா. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெரிய மனுஷங்க எல்லாம் முழங்காலோட இறுக்கிக் கட்டின கால்சட்டை போட்டுத் திரிஞ்சப்பவே கப்பல்காரன் அகலமாத்தான் போட்டான். தளம் கழுவறப்ப முட்டிக்கு மேல சுருட்டிக்கலாம். தண்ணியில விழுந்தா, பூட்ஸோடவே உருவி எறிஞ்சுட்டு நீந்தலாம். அதைப் பார்த்துக் கரையில இருக்கறவனும் பெல்பாட்டம்னு போட்டான். தெருவைக் கூட்டினதுதான் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. "எல்லாம் தெரியும்ணே."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க? ஈரத்துல கால் ஒட்டிக்கிட்டா ஆள் கல்லு மாதிரி அடியில போயிடுவார்மா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு தடவை விழுந்தார். பேன்ட் மட்டும்தான் கரை ஒதுங்குச்சு. இடுப்புப் பட்டியில பேர் இருந்ததால வீட்டுல கொண்டுவந்து குடுத்தாங்க."

தையற்காரருக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"அப்புறம் எப்படிம்மா பிழைச்சார்?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். உருவிப் போட்டுட்டு நீந்திட்டார்."

"பார்த்தீங்களா? அகலக்கால்தான் உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்திக் குடுத்திருக்கு. அதைப் போயி பிடிக்கச் சொல்றீங்களே."

அவள் உட்காரவில்லை. காற்சட்டையின் கால் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பேன்ட்டை மடியில வெச்சுக்கிட்டு ஆறு வருஷம் அழுதேன்ணே. அவர் நீந்திக் கரையேறி, பக்கத்துத் துறைமுகத்துல இன்னொருத்தியோட குடும்பம் நடத்தியிருக்கார். அவ துரத்தினதும் போன மாசம் வந்து கதவைத் தட்டறார். செத்தும் கெடுத்தான்னு சொல்லுவாங்க, இவர் சாகாமக் கெடுத்தார். இறுக்கியே தைங்க. இனிமே பேன்ட் கரை ஒதுங்கினா, ஆளும் அதுக்குள்ளயே இருக்கணும்."