முள் எகிறுதா, பாருங்க

மூணாவது தடவையாக அந்தப் பழைய காரைச் சரி பண்ணாமலே திருப்பி அனுப்பப் பார்த்தார் மெக்கானிக். ஷெட்டின் உதிரி பாகக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் ஒரு கணக்கு வாத்தியாருடையது. ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் தானாக மாறும்போது ஒரு உதறல், அப்புறம் இழுக்காமல் ஒரு உறுமல். கோளாறு இன்ஜினிலா கியர்பாக்ஸிலா என்று தெரியணும், அவ்வளவுதான்.

முதல் நாளே கூத்துதான். வாத்தியாரும் வாத்தியாரம்மாவும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பச் சொன்னது நீயா நானா என்று சண்டை போட்டு மூடின வாய், மாசக்கணக்கில் திறக்கவே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் மெக்கானிக்.

"ஆக்ஸிலேட்டரை அந்த மிதி மிதிச்சா வண்டி உதறாம என்ன செய்யும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ஓட்டத் தெரியாதவங்க யோசனை சொல்ல வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

மெக்கானிக் இரண்டையும் சொல்லவில்லை. பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் குடைந்துவிட்டு ஒரு வழி சொன்னார். சார் ரோட்டைப் பார்த்து ஓட்டணும், உதறினால் உடனே சொல்லணும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லணும். முள் எகிறினால் கியர்பாக்ஸ், இறங்கினால் இன்ஜின். தினமும் சாயங்காலம் ஒரு சுற்று, பாட்டு கீட்டு போடக்கூடாது, ஒரு வாரம் கழித்து வரணும்.

வந்தார்கள். முள் எகிறியது பாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்று இருவருக்கும் நேருக்கு நேர் வாக்குவாதம். இன்னும் ஒரு வாரம் ஓட்டச் சொன்னார்.

இன்றைக்கு மறுபடி வந்தவர்கள், வழியில் வண்டியை நிறுத்திக் காற்று வாங்கிய கதையை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மெக்கானிக்கோ இன்னும் கொஞ்ச நாள் பாருங்க என்கிறார்.

அவர் மனைவி பொறுக்க முடியாமல் அவரைத் தனியே இழுத்துப் போனாள். வேலை தெரியாத மெக்கானிக் என்று நாலு பேர் வாயில் விழுந்தால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பொரிந்து தள்ளினாள். மனுஷன் சிரித்துக்கொண்டே இன்னொரு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் பேசி அவர் பெயர் கெடுவதைவிட, இனி நாமே சொல்லிவிடுவது மேல் என்று வாத்தியாரம்மாவிடம் போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியலை. வேற ஷெட்ல காட்டிடுங்க."

வாத்தியாரம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"மெதுவா பேசும்மா. முதல் நாளே உன் வீட்டுக்காரர் ஏதோ ஒயரை இறுக்கினாரில்ல, அதோட சரியாயிடுச்சு. முள் எகிறவே இல்லை. எங்க வீட்டுக்காரர் உதறுதுங்கும்போதெல்லாம், நானும் எகிறுதுன்னு சொல்லிட்டு வரேன். காரியத்தைக் கெடுத்துடாதே."

மெக்கானிக்கின் மனைவி திரும்பி, வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கணவனின் கால்களைப் பார்த்தாள். இந்த மனுஷனையா அப்படித் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது, பெருமை பொங்கிக்கொண்டும் வந்தது.

கவுன்டருக்குத் திரும்பினால் அங்கே வாத்தியார் நின்றிருந்தார். வைப்பர் பிளேடு இருக்கா என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்துவிட்டு, தன் மனைவி தூரத்தில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி வெண்ணெயா ஓடுதும்மா. நான் சும்மாதான் உதறுதுன்னு சொல்றேன். பாவம், அவ அதை நம்பி முள்ளையே பார்த்துக்கிட்டு வரா. சரியாயிடுச்சுங்கிறது மட்டும் அவ காதுல விழுந்துடக் கூடாது."