ஒருவருக்குத்தான் இடம்

மூன்றாவது முறையாக முத்துமாரியை வெளியே தள்ளிவிட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை, நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை. 'உங்கள் கணக்கு வேறொரு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது' என்று திரையில் வந்ததை, பஸ் போர்டைப் படிப்பதுபோலப் படித்தாள்.

"இன்னாக்கா, மறுபடியுமா?" கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு காஷிஃப் வந்தான். ஆம்பூரில் அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியை நடத்துகிறவன். சாயங்காலத்துக்குள் ஜெர்மனி பார்ட்டிக்குப் புது மாடல் போயாக வேண்டும்.

"ஆமா சார். யாரோ உள்ள வர்றாங்க, நான் வெளிய வந்துர்றேன்."

முன்பு விலைக்கு வாங்கிய டிசைன் சாஃப்ட்வேர் இந்த ஒரு கம்ப்யூட்டரை விட்டு நகராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காஷிஃப் அதைத் தூக்கிவிட்டு, நெட்டில் ஓடும் வேறொன்றை மாத வாடகைக்கு எடுத்தான். நெட் வேகமாக இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் திறக்கலாம். ஆனால் கட்டுகிற வாடகைக்கு, ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, உங்களுக்கு. வெச்சது அவரு."

அவர் என்றால் ராமமூர்த்தி, அவள் புருஷன். வாடகைக்கு எடுத்த அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, மகள் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தவன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, வேலூருக்குக் கொண்டுபோயும் பூவிழி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ராமமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. வேலைக்கும் வரவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கொடுத்திருந்த லேப்டாப்பைக் கம்பெனியும் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் மதியம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவன் போனிலிருந்தே முத்துமாரிக்குத் தகவல் சொல்வாள்.

அதுவரை டிசைன் வேலையில் அவனுக்கு உதவியாக இருந்த முத்துமாரி அவன் இடத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தினமும் காலையில் மகள் பெயரை அடித்துத்தான் வேலையைத் தொடங்குவாள். விரல்தான் அடிக்கும், மனசுக்கு எட்டாது.

பாஸ்வேர்டை அடித்து மறுபடி உள்ளே போனாள். "சார், இதைப் பாருங்க."

ஷூவின் மூக்குப் பக்கம் கோடு மாறியிருந்தது. காலையில் அவள் போட்டபோது எங்கோ முட்டிக்கொண்டு நின்ற வளைவு, இப்போது வழுவழுவென்று இறங்கியிருந்தது.

"போட்டிக் கம்பெனிக்காரன் வேலை!" காஷிஃபின் முகம் சிவந்துவிட்டது.

"திருட வந்தவன் சரி பண்ணிட்டா சார் போவான்?"

"இன்னாவோ பண்ணட்டும், பேஜார் புடிச்ச வேலை. பாஸ்வேர்டை மாத்திடுங்கக்கா. இப்பவே. அந்த ஆள் திரும்ப உள்ள வரவே கூடாது."

மாற்றுகிற பக்கத்தைத் திறந்தாள். பழையதைக் கேட்டது, அடித்தாள். புதியதைக் கேட்டது. வேறெதுவும் தோன்றாமல் கம்பெனி பெயரை அடித்தாள். இனி ஒரு பொத்தான்தான். அதை அழுத்திவிட்டால் நாளைக் காலையில் பூவிழி என்று அடிக்க வேண்டியதில்லை.

இத்தனை நாள் தானாக அடித்த விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"அழுத்துங்கக்கா," என்றான் காஷிஃப்.

அப்போது அவள் போன் அடித்தது. புருஷன் நம்பர். காதில் வைத்தாள்.

"சொல்லுங்க ரங்கம்மாக்கா. சாப்பிட மாட்டேங்கிறாரா?"

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடியும் செருமினார்கள்.

"மாரி... நான்தான் உள்ள வர்றேன். நீ கொஞ்ச நேரம் வெளிய இரு."