இலைக்கு அடியில்

மறுபடியும் வாளியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

தண்ணீரில் அந்துப்பூச்சிகள் செத்து மிதந்தன. ராத்திரி முழுக்க அவரைப் பந்தலுக்கு நடுவே குண்டு பல்பு எரிந்தது. அதற்குக் கீழே மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர். வெளிச்சத்துக்கு வந்தவை விழுந்தன.

"நேத்தவிட ஜாஸ்தி" என்றான் அவள் புருஷன் மயில்சாமி.

என்னமோ புலியை அடித்துக் கொண்டுவந்த மாதிரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் காய்ப்பும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாகப் போன மாதமே சொல்லிவிட்டான். அப்படிப் போனவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருகிறார்கள். அதை நினைத்து அவள் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். இந்த மனுஷன் பூச்சி பிடித்து விளையாடுகிறான்.

அந்து வரும், முட்டை போடும், போகும். அதன் புழு காயைத் துளைத்தால் துளை தெரியும். பறித்துப் போட்டுவிடலாம்.

செடிப்பேன், அந்த அசுவினி அப்படியா?

எங்கும் போகாது. இலைக்கு அடியில், உட்கார்ந்த இடத்திலேயே குட்டி போடும். சத்தமில்லாமல் சாற்றை உறிஞ்சும். விளக்குக்கெல்லாம் மயங்காது.

நேற்றுப் பந்தல் காலில் எறும்பு சாரிசாரியாக ஏறுவதைக் கண்டாள். அசுவினி இருந்தால்தான் எறும்பு அப்படி ஏறும். சொன்னாள். அவன் காதில் வாங்காமல் பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிப்பது என்பார்கள். இவனுக்கென்றே சொல்லிவைத்தது.

"ஏங்க, பறக்குறதையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே. ஒரு இலையத் திருப்பிப் பாத்தீங்களா?"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்று காட்டியே தீர்வது என்று குனிந்து பந்தலுக்குள் நுழைந்தாள். அசுவினி அப்பிய நுனி ஒன்றைப் பறித்து அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

முதல் கொடியில் நுனியே இல்லை. யாரோ கிள்ளியிருந்தார்கள்.

அடுத்ததிலும்.

அதற்கடுத்ததிலும். கிள்ளிய இடத்தில் ஈரம் காயவில்லை.

இலையைத் திருப்பினாள். கறுப்பாக ஒரு தீற்றல். விரலால் நசுக்கித் தேய்த்த தடம்.

பாதிப் பந்தல் வரை அப்படித்தான் இருந்தது. அதற்கப்பால் அசுவினி மொய்த்துக் கிடந்தது.

அவள் வெளியே வந்தபோது அவன் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தான். தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

அவளைக் கண்டதும் கையை வேட்டியில் துடைத்து மடக்கிக்கொண்டான்.

"நாளைக்கு இன்னும் விழும் பாரு" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

பந்தலின் மறுகோடிக்குப் போய், முதல் இலையைத் திருப்பினாள்.