அம்மாவின் முதுகு

மதிய வெயில் வார்டு ஜன்னல் கம்பிகளைக் கட்டிலின்மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. முதுகில் ஆபரேஷன் முடிந்த தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடக்கிறான். அவன் பிடித்து நடக்க வேண்டிய வாக்கரைக் கதவோரம் நகர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் கையை ஊன்றி நிற்கிறான் அண்ணன். இரண்டு பேருமே டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். குனிந்து குனிந்தே முதுகைத் தேய்த்துக்கொண்டவர்கள். போன வருஷம் இதே டாக்டர் இதே ஆபரேஷனை அண்ணனுக்கும் செய்தார். "மறுநாளே எந்திரிச்சு நடந்தேன்டா நான். உனக்கு மட்டும் என்ன கேடு? வேணும்னா வந்து எடுத்துக்கோ." தம்பி தலையணையை இறுக்குகிறான். "டாக்டர் சொன்னாருல்ல? உனக்குக் கேட்ட வலி மாத்திரை எனக்குக் கேக்காதாம். பொறப்புலயே என் உடம்பு அப்படியாம்." அண்ணன் மூக்கால் சிரிக்கிறான். "ஒரே வயித்துல பொறந்தோம், அதென்ன உனக்குத் தனி உடம்பு? எல்லாம் நடிப்பு. அம்மா காலமெல்லாம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடிக்கிறாங்களே, அதே நடிப்பு." தம்பிக்கு வலியைவிட அந்தச் சிரிப்புதான் சுருக்கென்கிறது. கட்டிலின் காலடியில், ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. மின்விசிறி கடகடக்கிறது. அவள் இடுப்பில் ஒரு கையை வைத்து எழுகிறாள். கட்டில் கம்பியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, கதவுவரை போகிறாள். வாக்கரின்மேல் இருக்கும் மூத்தவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். "உங்கப்பனும் இப்படித்தான் நின்னு வேடிக்கை பாப்பான். அவன் உடம்பு உனக்கு வந்திருக்கு. வாயும் சேர்ந்து வந்திருக்கு." வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் கிறீச்சிட்டுக் கட்டிலை நோக்கி வருகின்றன. கொண்டுவருகிறவளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.