வழி தப்பினால்

செங்கம் சாலைக் கடையின் கண்ணாடி மேசைமீது இரண்டு ஜிபிஎஸ் கருவிகள் ஒளிர்கின்றன. அடுத்த மாதம் நியூசிலாந்தில் காரோட்டப் போகிற தென்றல் சிறியதைக் கையில் எடுக்கிறாள். "பக்கத்துல உக்காந்து நான் வழி சொல்றேன், இது எதுக்குடி?" என்கிறான் கணவன் மாறன். அவன் கார்ச்சாவியால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்க, மாலை வெயில் கண்ணாடியில் பட்டு அவன் தாடையில் நடுங்குகிறது. நேற்று அடி அண்ணாமலையில் அவள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டபோது அவன் டாஷ்போர்டில் குத்திய சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. "அண்ணா, நான் வழி தப்பிட்டா இது என்ன பண்ணும்?" என்று கடைக்காரரைக் கேட்கிறாள். "வேற வழி காட்டும்மா." "கத்தாதுல்ல?" கடைக்காரர் சிரிக்கிறார், மாறனின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்குகிறார். தட்டல் நிற்கிறது. "இதையே குடுங்கண்ணா" என்றவள், மாறனைத் திரும்பிப் பாராமலே, சாவிக்காகக் கையை நீட்டுகிறாள்.